மணியடிச்சா ஏணிய விட்டு எறங்கணும்

அந்த வருஷம் நவம்பர்ல புடிச்ச மழை டிசம்பர் பாதி ஆகியும் ஈப்போவ விட்டபாடில்ல. எழுபத்தொம்பதாம் வருஷம். விடியக்காலையில பேயும், பத்து மணிக்கு நிக்கும், ரெண்டு மணிக்கு மறுபடி கருத்துக்கிட்டு வந்து கொட்டும். கண்ணாடி தொடைக்கிற ஆளுங்களுக்கு இதவிட சுசாவான, கஷ்டமான காலம் கெடயாது. ஏணி நனஞ்சிருக்கும், தரை நனஞ்சிருக்கும், ஏறுறவன் காலும் நனஞ்சிருக்கும். அந்த நேரம் பாத்துத்தான் எல்லா ஆபீஸ்காரனும் கிறிஸ்மசுக்குள்ள முடி, நியூ இயருக்குள்ள முடின்னு கழுத்துல உக்காருவான்.

செபாஸ்டியனும் பத்துமலையும் ஒரே தோட்டத்து ஆளுங்க. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டம், ரப்பர் மரம் பூரா. அத துண்டு போட்டு வித்தப்ப, ரெண்டு குடும்பமும் ஒரே லாரியில சட்டி பானைய ஏத்திக்கிட்டு ஈப்போவுக்கு வந்துச்சு, ரெண்டு பேரும் கண்ணாடி தொடைக்கிற வேலையில சேந்தாங்க. தோட்டத்துல மழை பேஞ்சா பால் வெட்டு கெடயாது. கங்காணி மரத்துல கைய வச்சுப் பாப்பாரு, பட்டை ஈரமா இருந்தா வீட்டுக்குப் போங்கடான்னுடுவாரு. டவுன்ல அப்படிச் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. தவுக்கே, அதான் மொதலாளி, அவருக்கு வேலை முடியணும், அவ்வளவுதான்.

அதனால பத்துமலையே கங்காணி மாதிரி ஆயிட்டான். ஏணி விசயத்துல அவன் ரொம்ப கறாரு. ஏணிக்காலுக்கு அடியில காஞ்ச சாக்கு போடணும், நனஞ்ச சாக்கு ஆகாது. தலைப்பக்கம் சன்னல் கம்பியில கயித்தால கட்டணும். கம்பி இல்லாத சன்னலா இருந்தா கீழ ஆள் புடிக்காம ஒரு படி ஏற மாட்டான். புடிக்கிறதுன்னா சும்மா தொட்டுக்கிட்டு நிக்கிறது இல்ல. கீழ்ப்படியில ஒரு கால அழுத்தி வச்சு, ரெண்டு பக்கத்துக் கட்டையையும் ரெண்டு கையால இறுக்கிப் புடிக்கணும்.

ஏறுறது எப்பவும் பத்துமலைதான். ஒல்லி ஆளு. செபாஸ்டியன் நல்ல கனம்.

"நீ ஏறுனா ஏணி அழும் மச்சான். கீழயே நின்னு புடி, உனக்கு அதான் லாயக்கு" அப்படிம்பான்.

செபாஸ்டியனுக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. பன்னெண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடிச்சா எந்த வேலையா இருந்தாலும் விட்டுட்டு, காலச் சேத்து வச்சு நின்னு, சிலுவை போட்டு செபம் சொல்லணும். அவன் அப்பா அந்தோணிமுத்து தோட்டத்துல பழக்கி விட்டது. மணிச்சத்தம் கேட்டதும் அந்த மனுசன் பால்வாளிய எறக்கி வச்சுட்டு மரம் மாதிரி நிப்பாரு. பக்கத்துல நிக்கிற செபாஸ்டியன் ஒரு கால் அசைச்சா காதப் புடிச்சுத் திருகுவாரு. அப்படி அஞ்சு வயசுல ஏறுன பழக்கம். மணி காதுல விழுந்தா கை அதுபாட்டுக்கு நெத்திக்குப் போயிரும், அவன் நெனைக்கவே வேணாம்.

டவுன்ல வேலைக்குச் சேந்த மொத வாரமே பத்துமலைக்கு இது தெரிஞ்சுபோச்சு. மேல நின்னுக்கிட்டிருந்தவனுக்கு ஏணி ஒரு ஆட்டம் ஆடுச்சு. குனிஞ்சு பாத்தா, கீழ இவன் கண்ண மூடிக்கிட்டு கைகூப்பி நிக்கிறான். பத்துமலை கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே எறங்கி வந்தான்.

"உன் சாமி எங்கயோ வானத்துல இருக்காருடா. நான் உன் தலைக்கு நேர் மேல இருக்கேன். எவன் மொதல்ல விழுவான்னு யோசிச்சியா?"

"கை போயிருச்சு மச்சான். நான் எடுக்கல, அதுவா போச்சு."

"உன் கைக்கு நீதான லா தவுக்கே!"

அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. அன்னிக்கே ஒரு பேச்சு வச்சுக்கிட்டாங்க. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையிலயே பத்துமலை எறங்கிடணும். செபாஸ்டியன் செபம் சொல்லட்டும், பத்துமலை பக்கத்துக் கடையோர அஞ்சடி நடைபாதையில உக்காந்து பீடி குடிக்கட்டும். "உனக்கு மாதா, எனக்கு பீடி" அப்படின்னு சொல்லிக்கிட்டே எறங்குவான். எட்டு வருஷம் ஒரு நாள் தவறாம அப்படித்தான் நடந்துச்சு.

அந்த டிசம்பர்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. மூணு மாடி. வாசல்ல வழவழன்னு மொசைக் போட்டிருந்தான், அதத் தாண்டுனா லொங்காங்கு வடிகால், ஓரம் பூரா சிமெண்டுத் திண்டு, மழைத்தண்ணி நொரைச்சுக்கிட்டு ஓடுது. காலையில மழை நிக்கவே பத்தரை ஆச்சு. கொண்டுவந்த சாக்கு ரெண்டும் நனஞ்சுபோச்சு. ஒண்ணு மழையில, இன்னொண்ணு வாளியிலேருந்து சிந்துன சவுக்காரத் தண்ணியில. மாடி சன்னல் எல்லாம் முடிஞ்சு கடைசி ஒண்ணு பாக்கி. அந்தச் சன்னலுக்கு மட்டும் கம்பி கெடயாது, கயிறு கட்ட முடியாது.

பத்துமலை பதினஞ்சடி ஒசரத்துல நின்னு, தண்ணி வழிக்கிற ரப்பர் கட்டையால இழுத்துக்கிட்டிருந்தான். கிந்தா மலைப்பக்கம் மானம் கன்னங்கரேல்னு திரண்டு வருது.

"மச்சான், மணி ஆகப்போகுது. எறங்கு" அப்படின்னான் செபாஸ்டியன்.

"பாதிக் கண்ணாடிதான் லா. இப்ப எறங்குனா மழை புடிச்சுக்கும், நாளைக்கு இந்த ஒரு சன்னலுக்காக ஏணியத் தூக்கிக்கிட்டு வரணும்."

"மணி அடிச்சிருவாங்கடா."

"இன்னிக்கு ஒரு நாள் மனசுக்குள்ள சொல்லு. உங்க மாதாவுக்கு காது நல்லாத்தான் கேக்கும். கைய மட்டும் எடுத்துடாத, சாக்கு ஈரம்."

"சரி" அப்படின்னான் செபாஸ்டியன்.

மனசோடதான் சொன்னான். கட்டைய இன்னும் இறுக்கிப் புடிச்சான். கீழ்ப்படியில கால அழுத்துனான். கைய எடுக்கக் கூடாது, கைய எடுக்கக் கூடாதுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டும் இருந்தான்.

மணி அடிச்சுச்சு.

எப்ப கை போச்சு, எப்ப கால் படிய விட்டு எறங்கி இன்னொரு காலோட சேந்துச்சுன்னு அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நெத்தியத் தொட்ட வெரல் நெஞ்சுக்கு வந்துக்கிட்டிருக்கு, அதுக்குள்ள ஏணிக்கால் சாக்கோட சேந்து சர்ருன்னு வெளிய ஓடுது. புடிக்கப் பாஞ்சான். வெறும் காத்துதான் கையில சிக்குச்சு. பத்துமலை சன்னல் விளிம்புல ஒரு கையால தொங்கப் பாத்தான், ஈரம், நிக்கல. இடுப்பு லொங்காங்கு திண்டுல போய் அடிச்சுச்சு. வாளி உருண்டு தண்ணியில போயிருச்சு.

கோயில்ல இன்னும் மணி அடிச்சு முடிக்கல.

ஆஸ்பத்திரிக்கு தவுக்கே மறுநாள் வந்தாரு. கட்டில் கால்மாட்டுல செபாஸ்டியன் நிக்கிறான். எப்படி ஆச்சுன்னு தவுக்கே மலாய்ல கேட்டாரு. செபாஸ்டியன் வாயத் தொறக்குறதுக்குள்ள பத்துமலை சொல்லிட்டான்: "என் தப்புதான் தவுக்கே. சாக்கு ஈரம், தெரிஞ்சும் ஏறிட்டேன்."

தவுக்கே செபாஸ்டியனப் பாத்தாரு. "நீ புடிச்சுக்கிட்டுத்தான இருந்த?"

செபாஸ்டியன் தலைய ஆட்டுனான். ஒரே ஒரு ஆட்டு. அதுதான் அவன் வாழ்க்கையில செஞ்ச பெரிய பொய்.

கைய எடுத்தது கூட அறியாம நடந்தது. தலைய ஆட்டுனது அறிஞ்சு செஞ்சது.

அந்த சனிக்கிழமையே கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணுனான். ஃபாதர் பொறுமையாக் கேட்டுட்டு, "கடவுள் மன்னிப்பாரு. அந்த ஆளுகிட்ட போயி நீங்க வாயால சொல்லிடுங்க" அப்படின்னாரு. "சரி ஃபாதர்"னு சொல்லிட்டு எழுந்திரிச்சான்.

சொல்லல. பத்துமலை நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். செபாஸ்டியன் தெனம் போவான், ஆரஞ்சுப் பழம் வைப்பான், சன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான், நேரமானதும் எழுந்திரிச்சு வந்துடுவான். வீட்டுக்கு வந்தப்புறம் வாரத்துக்கு ஒருக்கா ஆச்சு. அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. இடுப்பெலும்பு ஒடஞ்சதுல பத்துமலைக்கு ஒரு கால் கட்டையா வெறைச்சுப் போச்சு, ஏணி ஏற முடியாது. எம்பத்தொண்ணுல கமுந்திங்ல ஒரு ஃபேக்டரியில ஜாகா, வாட்ச்மேன் வேலை கெடைச்சுது. உக்காந்த வேலை, கேட்டத் தொறந்து மூடுனாப் போதும். வீடு மாத்துற அன்னிக்கு லாரி ஏத்த வாரேன்னு செபாஸ்டியன் சொல்லியிருந்தான். அன்னிக்குக் காலையில சட்டையப் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தான். நொண்டி நொண்டி சாமான் தூக்குறவனப் பாக்குற தெம்பு இல்ல. சட்டையக் கழட்டிட்டு மறுபடி படுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம் போகவே இல்ல. வேற ஆளோட வேலை பாத்தான். அந்த ஆள எவ்வளவு அவசரம்னாலும் பதினொண்ணே முக்காலுக்கெல்லாம் எறக்கி விட்டுடுவான். ஆனா மணி அடிக்கையில இவன் சிலுவை போடுறது இல்ல. ரெண்டு கையையும் கால்சட்டைப் பையில விட்டுக்கிட்டு தெருவப் பாத்து நிப்பான். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா மணி நேரத்துக்கு குளிக்கிற ரூமுக்குள்ள போயிருவான். அவன் பொஞ்சாதி அகதா ரெண்டு மூணு தடவை கேட்டுப் பாத்துட்டு விட்டுட்டா.

எம்பத்தேழு டிசம்பர்ல அகதா அவ தங்கச்சி பெட்ரீசியா மகனுக்கு ஞானஸ்நானம்னு தைப்பிங் போயிட்டு வந்தா. வந்தவ பையக்கூட கீழ வைக்கல.

"இந்தாங்க, கோயில்ல யாரப் பாத்தேன் தெரியுமா? நம்ம நல்லம்மாள். பத்துமலை அண்ணன் சம்சாரம்."

செபாஸ்டியன் பேப்பர விட்டு தலைய எடுக்கல. "கோயில்ல அவளுக்கு என்ன வேலை?"

"மாதா சொரூபத்துக்கு முன்னால மெழுகுவர்த்தி ஏத்திக்கிட்டு நிக்கிறா, நெத்தியில குங்குமம் திருநீறோட! என்ன நல்லம்மான்னு கேட்டேன். அழுதுட்டா. அன்னிக்கு மணி அடிக்கிற நேரத்துல பத்துமலை அண்ணன் எறங்கலையாம்ல? உங்கள செபம் சொல்ல விடலையாம்ல? அதான் மாதா கோவிச்சுக்கிட்டு தள்ளி விட்டுட்டாங்களாம். எட்டு வருஷமா ஒவ்வொரு டிசம்பரும் வந்து ஏத்திட்டு மன்னிப்புக் கேக்குறாளாம். மாதா அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க புள்ளன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்குறா. எனக்கு மனசே ஆறல."

செபாஸ்டியன் பேப்பர மடிச்சுக் கீழ வச்சுட்டு எழுந்திரிச்சான்.

"என்னங்க?"

"நாளைக்கு கமுந்திங் போயிட்டு வாரேன்" அப்படின்னான்.

வழி நெடுக தூறல். தைப்பிங்ல பஸ் மாறி கமுந்திங்ல எறங்கி, விசாரிச்சுக்கிட்டு போறப்ப மணி பதினொண்ணரை. பலகை வீடு. பத்துமலை வாசப்படியில அந்த வெறைச்ச கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். ராத்திரி வேலை முடிச்சுத் தூங்கி எழுந்த மூஞ்சி. முடி பாதி நரைச்சிருந்துச்சு. செபாஸ்டியனக் கண்டதும் பீடிய வாயிலேருந்து எடுத்தான்.

"வழி தெரிஞ்சிருச்சா மச்சான்? லாரி ஏத்த வந்தியா? லாரி போயி ஆறு வருஷம் ஆச்சு லா."

செபாஸ்டியன் படிக்குக் கீழ நின்னான். கொடைய மடக்கத் தெரியல.

"உக்காரு. நனையாத. நல்லம்மா, யாரு வந்திருக்கான்னு பாரு! காப்பி போடு!"

உள்ளேருந்து "வாங்கண்ணே!"ன்னு சத்தம் வந்துச்சு. ஏனம் உருள்ற சத்தம்.

செபாஸ்டியன் அவன் பக்கத்துல உக்காந்தான். பஸ்ஸுல வர்றப்ப எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நாலு விதமா யோசிச்சு வச்சிருந்தான். ஒண்ணும் வரல.

"மச்சான். அன்னிக்கு நான் கைய எடுத்துட்டேன்."

பத்துமலை பீடிய இழுத்தான். மெதுவாப் பொகைய விட்டான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ கைய எடுத்தது. கண்ணாடிதான தொடச்சுக்கிட்டு இருந்தேன்? உள்ள லைட்டு இல்ல, வெளிய பாதி தொடச்சாச்சு. கண்ணாடியில கீழ் ஓரத்துல நீ நல்லாத் தெரிஞ்ச. மணி அடிச்சுது, உன் கை நெத்திக்குப் போச்சு. போச்சுடான்னு சன்னலப் புடிச்சேன். அதனாலதான் தலை தப்புச்சு, இடுப்போட போச்சு."

மழை ஓட்டுமேல சடசடன்னு விழுந்துச்சு.

"தெரிஞ்சா ஏன்டா கேக்கல? தவுக்கேகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"தவுக்கேகிட்ட உன்னயக் காட்டிக் குடுக்கவா? உனக்கும் வேலை போயிருக்கும். ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது." பத்துமலை கால ரெண்டு கையாலயும் தூக்கி வேற பக்கம் வச்சான். "உன்னய ஏன் கேக்கலேன்னா... நீயா சொல்லுவேன்னு பாத்தேன் மச்சான். நாப்பது நாள் ஆரஞ்சு கொண்டாந்த. இன்னிக்குச் சொல்லுவான், இன்னிக்குச் சொல்லுவான்னு உன் வாயையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீ சன்னலையே பாத்த. இப்ப எனக்கு ஆரஞ்சக் கண்டாலே ஆகாது, தெரியுமா?"

"கோவமாடா?"

"இடுப்பு ஒடஞ்ச கோவம் ஒரு வருஷத்துல போச்சு. நானும்தான எறங்கல? அதுல பாதி என்னுது. ஆனா லாரி ஏத்த வாரேன்னு சொல்லிட்டு வராமப் போன பாரு, அது இன்னும் அப்படியே இருக்கு. நல்லம்மா தனியா அலமாரியத் தூக்குனா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

செபாஸ்டியன் மூஞ்சியத் தொடச்சான். மழைத்தண்ணி மாதிரிதான் இருந்துச்சு.

"அப்ப அவ ஏன் மெழுகுவர்த்தி ஏத்துறா? அகதா வந்து சொன்னா. மாதா தள்ளி விட்டுட்டாங்கன்னு..."

பத்துமலை வாசல எட்டிப் பாத்துட்டு கொரல எறக்குனான். "அது நான் சொன்னது லா. எப்படி விழுந்த, எப்படி விழுந்தன்னு உயிர எடுத்தா. நீ விட்டுட்டேன்னு சொன்னா உன் வீட்டு வாசல்ல போயி மண்ண வாரி எறைப்பா. அதான், மணி நேரத்துல எறங்கல, உங்க சாமிக்குப் பொறுக்கலன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சேன். இவ இப்படிப் புடிச்சுக்குவான்னு யாரு கண்டா? விட்டுடு. வருஷத்துல ஒரு நாள் போறா, ஏத்துறா, மனசு லேசா வாரா. நீ ஒண்ணும் சொல்லிக்காத."

"சரி"ன்னு சொல்ல வாய் வந்துருச்சு. செபாஸ்டியன் அத அடக்கிக்கிட்டான்.

நல்லம்மாள் காப்பியோட வந்தா. ஒடம்பு வத்திப்போயி இருந்தா, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. "இம்புட்டு நாளா எங்கள மறந்துட்டீங்களேண்ணே. நேத்து அகதா அக்காவப் பாத்தேன், இன்னிக்கு நீங்க வந்து நிக்கிறீங்க. எல்லாம் மாதா செயல்தான்."

அந்த நேரம் பாத்து பக்கத்துக் கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சுது. செபாஸ்டியன் கை ரெண்டும் காப்பி டம்ளரப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு.

"கும்பிடு மச்சான்" அப்படின்னான் பத்துமலை. "நான் தரையிலதான் உக்காந்திருக்கேன். இனிமே எங்க லா விழப்போறேன்?"

நல்லம்மாளும் பயந்தாப்புல, "ஏண்ணே கும்பிடல? மணி அடிக்குதே. கும்பிடுங்கண்ணே, கும்பிடாம இருக்காதீங்க" அப்படின்னா.

அவ கண்ணுல தெரிஞ்ச அந்தப் பயத்த செபாஸ்டியனால தாங்க முடியல. டம்ளரக் கீழ வச்சான்.

"தங்கச்சி. மாதா தள்ளல. நான்தான் விட்டேன். கைய எடுக்க மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு, மணி அடிச்சதும் எடுத்துட்டேன். ஏணி அதனாலதான் ஓடிருச்சு. இத்தன வருஷமா நான் சொல்லல."

பத்துமலை தலைய வேற பக்கம் திருப்பிக்கிட்டான். நல்லம்மாள் அவனப் பாத்தா, இவனப் பாத்தா. அவ திட்டுவான்னு செபாஸ்டியன் காத்துக்கிட்டிருந்தான். திட்டுனா நல்லாருக்கும்னு கூட நெனச்சான். அவ திரும்பி உள்ள போயிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா. கையில ஒரு மெழுகுவர்த்திப் பொட்டலம். பிரிச்சிருந்துச்சு, ஒண்ணு எடுத்தது போக மிச்சம் அஞ்சு. அத செபாஸ்டியன் மடியில வச்சா.

"எட்டு வருஷம் என் புருசன் தப்புன்னு நான் மண்டி போட்டேன்" அப்படின்னா. கொரல் ஒசரவே இல்ல. "மிச்சத்த நீங்க ஏத்துங்க."

சொல்லிட்டு உள்ள போனவ மறுபடி வெளிய வரல.

மழை விடுற வரைக்கும் ரெண்டு ஆம்பளைங்களும் படியிலயே உக்காந்திருந்தாங்க. கெளம்புறப்ப பத்துமலை செவுத்தப் புடிச்சுக்கிட்டு எழுந்து நின்னான். "அடுத்த வாரம் வா. அதுக்குள்ள அவளுக்கு ஆறுதா பாப்போம்" அப்படின்னான். ஆறாதுன்னு அவன் மூஞ்சியிலயே இருந்துச்சு.

"வாரேன்"னான் செபாஸ்டியன். நாலு அடி நடந்து போயி, திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழமை. காலையில" அப்படின்னான்.

"ஆரஞ்சு வாங்கிட்டு வந்துடாத" அப்படின்னான் பத்துமலை.

பஸ்ஸுல கூட்டம். செபாஸ்டியனுக்கு மேல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கத்தான் எடம் கெடைச்சுது. இன்னொரு கையில அந்தப் பொட்டலம். ஈப்போ வர்ற வரைக்கும் ரெண்டையும் விடாமப் புடிச்சுக்கிட்டே வந்தான்.